சிசியா, சென்டிமீட்டரா? மார்பக இம்பிளான்ட் அளவைத் தேர்வு செய்யும் வழிகள்

இம்பிளான்ட் எனும் செயற்கைப் பையை உள்ளே வைத்து மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும் பெண்களில் பலர் முதலில் கேட்பது, "எத்தனை சிசி வைத்தால் எனக்கு சி கப் வரும்?" என்பதுதான். (சிசி என்பது இம்பிளான்டின் கொள்ளளவைச் சொல்லும் கன சென்டிமீட்டர்.) கேட்பதில் தவறில்லை, ஆனால் எந்த மருத்துவராலும் இதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. மார்பின் சுற்றளவுக்கும் அதற்குக் கீழே விலாவை ஒட்டி எடுக்கும் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கும் எழுத்துதான் கப். 34 சி பிராவும் 36 பி பிராவும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவைத் தாங்குகின்றன; ஒரு நிறுவனத்தின் சி, இன்னொரு நிறுவனத்தில் டி ஆகிவிடுகிறது. கடைக்குக் கடை மாறும் ஓர் எழுத்தை நம்பி, உடலுக்குள் பல ஆண்டுகள் இருக்கப்போகும் பொருளைத் தேர்வு செய்வது சரியாகாது.

நடைமுறையில் இந்தத் தேர்வு நான்கு வழிகளில் நடக்கிறது. விரும்பிய கப் அளவையோ புகைப்படத்தையோ காட்டிக் கேட்பது ஒன்று. பிராவுக்குள் அரிசிப் பையையோ மாதிரி இம்பிளான்டையோ வைத்துப் பார்ப்பது இன்னொன்று. மருத்துவர் டேப்பும், இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கேலிப்பரும் கொண்டு உடலை அளந்து கணக்கிடுவது மூன்றாவது. முப்பரிமாணக் கேமராவில் படம் எடுத்துத் திரையில் முன்கூட்டியே காட்டுவது நான்காவது. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கிளினிக்குகளில் முன்வைக்கப்பட்டாலும், உண்மையில் இவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை. உடல் எதைத் தாங்கும் என்ற கேள்விக்கு விடை தருவது மூன்றாவது வழி மட்டுமே என்பதால், அது முதலில் வர வேண்டும் என்பதும், மற்றவை அது வகுத்த எல்லைக்குள் நின்று விருப்பத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் பயன்பட வேண்டும் என்பதும் என் கருத்து.

இதற்கு, இம்பிளான்டை ஒரே ஓர் எண்ணாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். வட்ட வடிவ இம்பிளான்ட் ஒவ்வொன்றுக்கும் அடிப்புற அகலம், முன்னோக்கிப் புடைக்கும் அளவு, கொள்ளளவு என மூன்று அளவுகள் உண்டு. இவற்றில் இரண்டை முடிவு செய்துவிட்டால் மூன்றாவது தானாக வந்துவிடும். 300 சிசி இம்பிளான்டையே எடுத்துக்கொள்வோம். குறைவாகப் புடைக்கும் வகையில் அதன் அகலம் 13 செ.மீ. அளவிலும் புடைப்பு மூன்றரை செ.மீ. அளவிலும் இருக்கும், ஹை புரொஃபைல் எனப்படும் வகையில் அகலம் 11 செ.மீ.க்குச் சற்றே கூடுதலாகவும் புடைப்பு ஐந்து செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். பெட்டியில் அச்சிட்ட எண் ஒன்றுதான், ஆனால் இரண்டையும் ஒரே பெண்ணின் உடலில் வைத்தால் இரண்டு வெவ்வேறு மார்பகங்கள் தெரியும். ஆகவே "தோழிக்கு 325 வைத்தார்கள், நன்றாக இருக்கிறது" என்ற தகவலில், அந்தத் தோழியின் மார்பக அகலமும் இம்பிளான்டின் வகையும் தெரியாதவரை, நமக்கு உதவக்கூடியது எதுவும் இல்லை.

புகைப்படம் காட்டிக் கேட்பதற்கு ஒரு பயன் உண்டு. மேல்பகுதி நிரம்பி இருப்பதை அந்தப் பெண் விரும்புகிறாரா, இயல்பாகச் சரிந்து இறங்குவதை விரும்புகிறாரா என்பதை மருத்துவர் சொற்களைவிடப் படத்தில் விரைவாகப் புரிந்துகொள்வார். இலண்டன் பிளாஸ்டிக் சர்ஜன் பாட்ரிக் மல்லூச்சியும் அவருடைய சக ஆய்வாளரும் 100 மாடல்களின் படங்களை அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், அழகாகக் கருதப்படும் மார்பகத்தில் முலைக்காம்புக்கு மேலுள்ள பகுதியும் கீழுள்ள பகுதியும் 45:55 என்ற விகிதத்தை ஒட்டி அமைகின்றன என்றார்கள். 2014இல் 1,315 பேரிடம் படங்களைக் காட்டிக் கேட்டபோதும் அந்த விகிதமே முதலிடம் பெற்றதாகத் தெரிவித்தார்கள். மேல்பகுதியைப் பந்துபோல நிரப்பும் பெரிய இம்பிளான்ட் இந்த விகிதத்தைத் தலைகீழாக்கிவிடும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம். அழகை விகிதத்தில் அடைப்பது எனக்கு அவ்வளவாக ஒப்புதல் இல்லாத காரியம். ஆனாலும் படத்தைப் பார்த்துப் பேசும்போது, "பெரிதாக" என்று சொல்வதைவிட "மேலே நிரம்பியா, கீழே நிரம்பியா" என்று கேட்பது பேச்சைத் தெளிவாக்குகிறது. படம் அதற்குமேல் உதவாது. படத்திலிருப்பவரின் விலாக்கூடும் தோலும் பார்ப்பவருடையவை ஆகா.

அரிசிச் சோதனை இணையத்தில் மிகவும் பரவிவிட்டது. மெல்லிய காலுறையில் 250 அல்லது 300 மி.லி. அரிசியை அளந்து கட்டி, பிராவுக்குள் வைத்து, மேலே ரவிக்கையோ டீ ஷர்ட்டோ அணிந்து கண்ணாடியில் பார்ப்பார்கள். ஒரு சிசி என்பது ஒரு மி.லி.தான் என்பதால் கணக்கு சரியாகவே இருக்கிறது. இடறுவது வேறோர் இடத்தில்: அரிசிப் பைக்குக் கொள்ளளவு உண்டு, அகலம் கிடையாது. எப்படி அமுக்கினாலும் அப்படியே பரவும் அது, 11 செ.மீ. அகல இம்பிளான்டைக் காட்டுகிறதா, 13 செ.மீ. அகல இம்பிளான்டைக் காட்டுகிறதா என்று அறிய வழியில்லை. தவிர, தோலுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் பொருள், உள்ளே தசையாலும் தோலாலும் அழுத்தப்பட்டிருக்கும் பொருளைப்போலத் தெரிவதில்லை. கிளினிக்கில் தரப்படும் சைஸர் எனும் மாதிரிகளுக்கு வடிவம் இருப்பதால் அவை அரிசியைவிட மேலானவை, வீட்டில் போட்டுக்கொண்டு படியேறி இறங்கி, பழகிய உடைகளை அணிந்து பார்த்தால், "இவ்வளவு முன்னால் தெரிந்தால் எனக்குச் சங்கடமாக இருக்குமா?" என்ற கேள்விக்கு வேறெதையும்விட நல்ல விடை கிடைக்கும். எனவே இதை விருப்பத்தை அளக்கும் கருவியாக வைத்துக்கொள்வதே பொருத்தம்.

உடலை அளக்கும் முறைக்கு இப்போது வரலாம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் ஜான் டெபட்ஸ் இம்முறையை ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர். அவரும் வில்லியம் ஆடம்ஸும் 2005இல் வெளியிட்ட "ஹை ஃபைவ்" என்ற முறை, ஐந்து அளவுகளை ஐந்து நிமிடத்தில் எடுத்து ஐந்து முடிவுகளுக்கு வரச் சொல்கிறது. பெண் நிமிர்ந்து நிற்க, மருத்துவர் கேலிப்பரின் இரு முனைகளையும் மார்பகத்தின் உட்புற ஓரத்திலும் அக்குளை நோக்கிய வெளிப்புற ஓரத்திலும் வைத்து, வளைவைப் பின்தொடராமல் நேர்கோட்டில் அகலத்தை எடுக்கிறார். அடுத்து முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தை விரல்களால் பிடித்து, வலிக்காத அளவுக்கு முன்னோக்கி இழுத்து, தோல் எத்தனை செ.மீ. முன்னே வருகிறது என்று பார்க்கிறார். பிறகு முலைக்காம்பை மேல்நோக்கி முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மார்பகத்தின் கீழ் மடிப்புவரை டேப் வைக்கிறார். மேல்பகுதியில் தோலையும் கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்துத் தடிமனை அளக்கிறார். தேவைப்பட்டால் கீழ் மடிப்பிலும் அப்படியே. கடைசியாக, இப்படி இழுபடும் தோல் பையில் எத்தனை சதவீதத்தை ஏற்கெனவே உள்ள மார்பகத் திசு நிரப்பியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார். இந்த ஐந்தில் கடைசி ஒன்று மட்டும் அனுபவத்தின்மேல் நிற்கும் மதிப்பீடு. மற்ற நான்கையும் யார் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும்.

கணக்கு அகலத்திலிருந்து தொடங்குகிறது. அவர்களுடைய அட்டவணைப்படி 11 செ.மீ. அகலத்துக்கு 250 சிசி, 12 மற்றும் 12.5 செ.மீ.க்கு 300 சிசி, 13 செ.மீ.க்கு 325 சிசி, 14 செ.மீ.க்கு 375 சிசி எனத் தொடக்க அளவு அமைகிறது. அதன்பின் திருத்தங்கள் வருகின்றன. தோல் 2 செ.மீ.க்கும் குறைவாகவே இழுபட்டால் 30 சிசி குறைக்கப்படும், 3 செ.மீ.க்கு மேல் இழுபட்டால் 30 சிசியும் 4 செ.மீ.க்கு மேல் இழுபட்டால் 60 சிசியும் கூட்டப்படும். முலைக்காம்பிலிருந்து கீழ் மடிப்பு 9.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் இன்னொரு 30 கூடும். தோல் பையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத் திசு இருந்தால் 30 கூடும். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 30 குறையும்.

இதன் பொருள் ஓர் உதாரணத்தில் தெளிவாகும். இரு பெண்களுக்கும் மார்பக அகலம் 12.5 செ.மீ., இருவரும் ஒரே அளவு பிராதான் அணிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் குழந்தை பெறாதவர், தோல் இறுக்கமானது, ஒன்றரை செ.மீ.க்கு மேல் இழுபடவில்லை, தோல் பையில் பாதியளவு திசு இருக்கிறது, மடிப்புவரை 6.5 செ.மீ. இவருக்கு 300இல் 30 போக 270 சிசி வருகிறது. மற்றவர் இரண்டு குழந்தைகளுக்குப் பாலூட்டியவர். தோல் 4 செ.மீ.க்கு மேல் இழுபடுகிறது, மடிப்புவரை 10 செ.மீ., உள்ளே திசு மிகக் குறைவு. இவருக்கு 60, 30, 30 என மூன்றும் கூடி 420 சிசி ஆகிறது. ஒரே அகலம், ஒரே பிரா, ஆனால் இடைவெளி 150 சிசி. முதலாமவருக்கு இரண்டாமவரின் இம்பிளான்டை வைத்தால் தோல் இழுத்துக்கட்டிய முரசுபோல விறைத்து, மேல்பகுதி உருண்டையாகத் தெரியும். இரண்டாமவருக்கு முதலாமவருடையதை வைத்தால் தோல் நிரம்பாமல் தளர்ந்து தொங்கும். கப் கணக்கும் அரிசிப் பையும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதே இல்லை.

அதே அளவுகள் கீறலின் இடத்தையும் சொல்லிவிடுகின்றன. 270க்கு நெருங்கிய 275 சிசி இம்பிளான்டுக்கு முலைக்காம்பிலிருந்து மடிப்புவரை ஏறத்தாழ 7.5 செ.மீ. வேண்டும் என்கிறது அட்டவணை. முதல் பெண்ணுக்கு இருப்பது 6.5 மட்டுமே என்பதால் மடிப்பை ஒரு செ.மீ. கீழே இறக்கிக் கீறலை அங்கே வைக்க வேண்டும். இல்லையேல் தழும்பு மார்பகத்தின்மேல் ஏறி நிற்கும். மேல்பகுதியில் கிள்ளிய தடிமன் 2 செ.மீ.க்குக் குறைந்தால் இம்பிளான்டின் மேற்பகுதியை நெஞ்சுத்தசைக்கு அடியில் வைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. மெல்லிய தோலுக்கு நேர் அடியில் வைத்தால் விளிம்பும் சுருக்க அலைகளும் வெளியே தெரியும். தசைக்கு அடியில் வைப்பதற்கும் விலை உண்டு: கையை ஊன்றும்போதும் எடை தூக்கும்போதும் தசை இறுகி மார்பகம் அசைவது கண்ணுக்குத் தெரியலாம்.

எந்த அளவும் மீறக்கூடாத எல்லை அகலமே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இம்பிளான்ட் மார்பகத்தைவிட அகலமாக இருந்தால் அது வெளிப்பக்கமாக அக்குளை நோக்கித் தள்ளி, கை பக்கவாட்டில் உரசும். உள்பக்கமாக நடு நெஞ்செலும்பை நோக்கித் தள்ளி, தோல் மிக மெலிதாக இருக்கும் இடத்தில் விளிம்பைக் காட்டும். எல்லை மீறினால் இரு பக்கமும் நடுவில் ஒன்று சேர்ந்துவிடும், அதைச் சரிசெய்வது கடினமான மறு அறுவை. மார்பகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்துத் தரும்படி கேட்பவர்கள் பலர். அந்த இடைவெளி தசை நெஞ்செலும்பில் எங்கே ஒட்டியிருக்கிறது, மார்பகத் திசு எங்கே தொடங்குகிறது என்பதால் முடிவாகிறது. அதை மூடுவதற்காகத் தசையின் உட்புறப் பிணைப்பை வெட்டுவதும், அகலம் கூடிய இம்பிளான்டைத் திணிப்பதும், சில மாதம் படத்துக்கு நன்றாகத் தெரிந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் வருந்தவைக்கும். அந்த இடைவெளியை பிரா ஒன்றே போதுமான அளவு குறைத்துவிடும் என்று சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

ஐரோப்பாவில் இதே சிந்தனை சற்று வேறாக வளர்ந்தது. ஸ்டாக்ஹோம் நகரின் அகாடமிக்கிளினிக்கன் மருத்துவமனையில் சர்ஜன் பெர் ஹெடேன் வளர்த்த முறை, பெண் விரும்பும் மார்பக அகலத்திலிருந்து தொடங்கி, உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கிள்ளிய தடிமன்களின் கூட்டுத்தொகையில் பாதியைக் கழித்து இம்பிளான்டின் அகலத்தைப் பெறுகிறது. விரும்பும் அகலம் 12.5 செ.மீ., உள்தடிமன் 1 செ.மீ., வெளித்தடிமன் 2 செ.மீ. என்றால் இம்பிளான்டின் அகலம் 11 செ.மீ. டெபட்ஸின் முறை சிசியில் முடிகிறது, இது சென்டிமீட்டரில் முடிகிறது. இருக்கும் திசுவையும் அகலத்தின் ஒரு பங்காக வெளிப்படையாகக் கணக்கில் சேர்ப்பதால் ஒல்லியானவர்களுக்கும் சதைப்பற்றானவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை இது நன்றாகப் பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உயரமும் அகலமும் வெவ்வேறாக உள்ள துளி வடிவ இம்பிளான்டுக்காகவே இந்தக் கணக்குகள் அதிகம் தேவைப்பட்டன. அவை சுழலாமல் இருக்கச் சொரசொரப்பான மேற்பரப்பு வேண்டியிருந்தது. அத்தகைய மேற்பரப்புக்கும் அரிய வகை நிணநீர்த் திசுப் புற்றுநோய் ஒன்றுக்கும் தொடர்பு தெரியவந்து, 2019 ஜூலையில் அலர்கான் நிறுவனம் பயோசெல் எனும் தன் சொரசொரப்பான வகைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதன்பின் பலருக்கும் தேர்வு வழவழப்பான வட்ட இம்பிளான்டுகளுக்குள் சுருங்கியிருக்கிறது.

அளவு முறை உண்மையில் பலன் தருகிறதா? அடுத்தடுத்து அறுவை செய்த 50 பெண்களில் மூன்றாண்டுகள்வரை ஒருவருக்கும் மறு அறுவை தேவைப்படவில்லை என்று டெபட்ஸ் 2006இல் எழுதினார். மிகக் கண்டிப்பான ஒருவர் தன் சொந்த நோயாளிகளைப் பற்றி எழுதியது என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனால் எதிர்ப்புறத்தில், அமெரிக்காவில் இம்பிளான்ட் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பத்தாண்டு நடத்திய ஆய்வுகளில், அழகுக்காக இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பெண்களில் நான்கில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர்வரை மறுபடியும் அறுவைக்கு உட்பட்டார்கள். அளவையோ வகையையோ மாற்றச் சொல்லிக் கேட்டது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. அளவு மாற்றத்துக்காக நடக்கும் மறு அறுவை முன்கூட்டியே தவிர்க்கக்கூடிய ஒன்று என்பதால், முதல் சந்திப்பில் செலவாகும் அந்த ஐந்து நிமிடத்தை எந்தக் கிளினிக்கும் மிச்சப்படுத்தக் கூடாது.

முப்பரிமாணப் படத்தை விற்பனை உத்தி என்று ஒதுக்கிவிடவும் முடியாது, அதையே அளவுகோலாக ஏற்கவும் முடியாது. வெக்ட்ரா போன்ற கேமராக்கள் நேரான தூரங்களை நன்றாகவே அளக்கின்றன. இரு பக்கமும் சமமில்லை என்பதைப் பெண் தன் கண்ணால் திரையில் பார்ப்பது மிகப் பெரிய உதவி, ஏனெனில் பெரும்பாலான பெண்களுக்கு இரு மார்பகங்களும் முன்பே சிறிதளவு வேறுபட்டிருக்கின்றன, அறுவைக்குப் பிறகே அதைக் கவனித்து மருத்துவரைக் குறை சொல்வார்கள். ஆனால் கேமராவுக்குக் கை கிடையாது. தோல் எவ்வளவு இழுபடும், கிள்ளினால் எவ்வளவு தடிமன் வரும் என்பது அதற்குத் தெரியாது. திரையில் தெரியும் உருவம், மென்பொருள் ஒரு சராசரித் தோலை ஊகித்து வரைந்தது. அதைப் பார்த்து 270 வேண்டுமா, 300 வேண்டுமா என்று பேசலாம், 270க்கும் 420க்கும் இடையே தீர்மானிக்கக் கூடாது. சிலர் அறுவை மேசையிலேயே தற்காலிகச் சைஸரை உள்ளே வைத்துப் பார்த்து இறுதி செய்கிறார்கள். இரு பக்கமும் சமமில்லாதபோது அது உதவும், முன்கூட்டிய அளவீட்டுக்குப் பதிலாக அதைச் செய்வது கண்ணளவில் விடுவதேயாகும்.

டேப்பும் கேலிப்பரும் எங்கும் கிடைக்கும் என்பதும் சிறிய விஷயமில்லை. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் சிகிச்சையை ஏழைகளுக்கும் இலவசமாகத் தரும் கிளினிக் தொடங்கப்பட்டபோது அது உலகச் செய்தியாயிற்று. விலை உயர்ந்த கேமரா இல்லாத இடத்திலும் சரியான அளவைத் தேர்வு செய்ய முடியும் என்பதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அளவு 275 என்றும் ஆசை 400 என்றும் வந்து நிற்கும்போதுதான் உண்மையான முடிவு தேவைப்படுகிறது. ஹை புரொஃபைல் வகையில் அகலத்தை மீறாமல் 400ஐ நெருங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அகலத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் குறுகிய அடித்தளத்தில் அதிகம் புடைக்கும் இம்பிளான்ட், தோலையும் அடியிலுள்ள மார்பகத் திசுவையும் அழுத்தி ஆண்டுகள் போகப்போக மெலியச் செய்கிறது. 400 சிசி சிலிகான் கிட்டத்தட்ட 400 கிராம். இரு பக்கமும் சேர்த்து முக்கால் கிலோவுக்கு மேல், இறுக்கமான தோலில் எப்போதும் தொங்கும் எடை. கீழ்ப்பகுதி நீண்டு இம்பிளான்ட் இறங்கிவிட்டால் முலைக்காம்பு மேல்நோக்கிப் பார்க்கும். மெலிந்த திசுவைத் திரும்பப் பெற முடியாது, சிறிய இம்பிளான்டைப் பெரிதாக்கவோ பின்னாளில் முடியும். ஆகவே ஐயம் இருக்கும்போது சிறியதன் பக்கம் சாய்வதே அறிவுடைமை. 270க்கும் 300க்கும் இடையிலான விருப்பம் என்றால் பெண் கேட்டதையே தரலாம். அந்த முப்பது சிசி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரின் அளவு, வெளியே பெரிதாகத் தெரிவதில்லை.

எந்த இம்பிளான்டாலும் தீராத சில நிலைகளையும் அளவுகள் முன்கூட்டியே காட்டிவிடும். முலைக்காம்பு கீழ் மடிப்புக்கும் கீழே இறங்கியிருந்தால் பெரிய இம்பிளான்டால் நிரப்பி அதை உயர்த்த முயல்வது வீண். தோலைக் குறைத்து மேலேற்றும் அறுவையும் வேண்டியிருக்கும், தழும்பும் கூடும். நெஞ்செலும்பு உள்வாங்கியோ விலா ஒரு பக்கம் புடைத்தோ இருந்தால் இரு பக்கமும் ஒரே அளவு வைத்தாலும் வேறுபட்டே தெரியும்.

சந்திப்பு முடிந்து எழும்போது, உங்கள் மார்பக அகலம், தோல் இழுபடும் அளவு, மடிப்புவரை உள்ள தூரம், மேல்பகுதியின் தடிமன் ஆகிய நான்கு எண்களையும், தேர்வு செய்த இம்பிளான்டின் அகலத்தையும் புடைப்பையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் கருத்துக்கு வேறொரு மருத்துவரிடம் போனால் அந்தத் தாள் ஒன்றே போதும். இம்பிளான்டின் அகலம் உங்கள் மார்பக அகலத்தைவிடப் பெரிதாக அதில் இருந்தால் காரணம் கேளுங்கள். பாலூட்டும் காலத்திலும், நிறுத்திய அடுத்த சில மாதங்களிலும், எடை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதும் எடுத்த அளவுகள் நிலைக்காது என்பதால், உடல் ஒரு நிலைக்கு வந்தபின் மறுபடி அளக்கச் சொல்லி, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அறுவைக்குத் தேதி குறிக்கலாம்.